31-வது தொகுதி எங்கே இருக்கு? ஒரு கர்னல் கிராஷைப் பிரிச்சுப் பார்ப்போம்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம்ம நேரப்படி காலை 9:39 மணிக்கு கிரவுட்ஸ்ட்ரைக்னு ஒரு பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம், தன்னோட வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு சின்ன ஃபைலை அனுப்பியது. 10:57-க்கு அதைத் திரும்ப எடுத்துக்கிட்டது. இடையில் இருந்தது 78 நிமிஷம். அந்த நேரத்தில் நெட்டில் இருந்து ஃபைலை வாங்கிக்கொண்ட மெஷின்கள் ஒவ்வொன்றாக நீலத்திரை காட்டி நின்றன. மைக்ரோசாஃப்ட் போட்ட கணக்குப்படி மொத்தம் 85 லட்சம் மெஷின்கள். உலகத்தில் இருக்கிற விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இது ஒரு சதவீதம்கூட இல்ல. ஆனா அந்த ஒரு சதவீதத்துக்குள்ள விமான நிறுவனங்கள் இருந்தன, ஆஸ்பத்திரிகள் இருந்தன, வங்கிகள் இருந்தன.

அன்னிக்கு இண்டிகோ மட்டும் ஏறக்குறைய 200 விமானங்களை ரத்து பண்ணியது. சென்னை உட்பட பல விமான நிலையங்களில் செக்-இன் கையால நடந்தது, போர்டிங் பாஸை பேனாவால எழுதிக் கொடுத்தாங்க. காரைக்கால்ல இருந்து சென்னைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போற குடும்பங்கள் நம்ம தெருவிலேயே எத்தனை இருக்குன்னு நமக்குத் தெரியும். அப்படிப் போறவங்களுக்கு அது சும்மா ஒரு டெக் செய்தி இல்ல.

செய்தி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஓஎஸ் பேப்பர் எழுதுற நமக்கு அதுக்குள்ள வேற ஒரு கேள்வி இருக்கு. ஒரு எண்ணிக்கை இருபதா இருபத்தொண்ணா என்கிற வித்தியாசம் எப்படி ஒரு முழு கம்ப்யூட்டரை நிறுத்துச்சு? அதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க, எப்படிச் சரி பண்ணாங்க? இதுக்குப் பதில் தெரியணும்னா மெமரி முகவரின்னா என்னன்னு முதல்ல பார்க்கணும். அதுக்கு நம்ம யூனியன் பிரதேசத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது.

நம்ம ஊரே ஒரு பேஜ் டேபிள்

புதுச்சேரி சட்டசபையில் 30 தொகுதிகள். வரிசை எண் போட்டுப் பாருங்க. 24 நெடுங்காடு, 25 திருநள்ளாறு, 26 காரைக்கால் வடக்கு, 27 காரைக்கால் தெற்கு, 28 நிரவி–திருப்பட்டினம். அடுத்தது 29. அது எங்க இருக்கு? மாஹேயில. கேரளாவில், அரபிக்கடல் ஓரத்தில். சரி, 30? ஏனாம். ஆந்திராவில் காக்கிநாடா பக்கத்தில். பட்டியலில் 28, 29, 30 ஒண்ணுக்கடுத்து ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிற்குது. தரையில் பார்த்தா ஒண்ணு வங்கக்கடல், ஒண்ணு அரபிக்கடல், இன்னொண்ணு கோதாவரி முகத்துவாரம். நடுவுல இருக்கிற நிலமெல்லாம் வேற மாநிலங்களோடது.

விர்ச்சுவல் மெமரி அப்படியே இதுதான். ஒரு புரோகிராமுக்கு அதோட மெமரி பூரா வரிசையா, இடைவெளி இல்லாம இருக்கிற மாதிரி தெரியும். உண்மையான ராம்ல அந்தத் துண்டுகள் எங்கெங்கேயோ சிதறிக் கிடக்கும். பக்கத்தில் வேற புரோகிராமோட துண்டுகள் இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் பேர் பேஜ். அதோட அளவு பொதுவா 4096 பைட். எந்த விர்ச்சுவல் பேஜ் எந்த ராம் இடத்துக்குப் போகணும்னு எழுதி வெச்சிருக்கிற பட்டியல்தான் பேஜ் டேபிள். பட்டியலை எழுதுறது கர்னல். ஒவ்வொரு முறை மெமரியைத் தொடும்போதும் அதைப் பார்த்து மொழிபெயர்க்கிறது சிபியுவுக்குள்ள இருக்கிற எம்எம்யு.

நம்ம லேப்டாப்பில் இருக்கிற 64 பிட் இன்டெல், ஏஎம்டி சிப்புகளில் இந்த மொழிபெயர்ப்பு வழக்கமா நாலு படியில் நடக்கும். முகவரியில் பயன்படுறது 48 பிட். கடைசி 12 பிட், பேஜுக்குள்ள எத்தனையாவது பைட்டுன்னு சொல்லும். 2-ன் அடுக்கு 12 போட்டா 4096 வருதா, சரியாப்போச்சு. மிச்சம் 36 பிட்டை ஒன்பது ஒன்பதா நாலா வெட்டினா, நாலு படி டேபிளில் எந்த வரியைப் பார்க்கணும்னு கிடைக்கும். ஒவ்வொரு வரியிலயும் சில கொடி பிட்டுகள் உண்டு. இந்தப் பேஜ் இப்ப ராம்ல இருக்கா, எழுதலாமா, சாதாரண புரோகிராம் தொடலாமா இல்ல கர்னல் மட்டும்தானா.

டேபிளில் வரி இல்லைன்னா, இல்ல கொடி அனுமதிக்கலைன்னா, சிபியு வேலையை நிறுத்திட்டு கர்னலைக் கூப்பிடும். அதுதான் பேஜ் ஃபால்ட். பேரில் ஃபால்ட்னு இருந்தாலும் முக்கால்வாசி நேரம் அது தப்பு கிடையாது. பேஜ் இன்னும் டிஸ்க்கில் கிடக்கும். கர்னல் அதை எடுத்துட்டு வந்து ராம்ல வெச்சு, டேபிளில் வரியை எழுதி, "இப்ப போ"ன்னு அனுப்பிடும். புரோகிராமுக்கு இது நடந்ததே தெரியாது.

இப்ப யாராவது உங்ககிட்ட 31-வது தொகுதிக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினா என்ன ஆகும்? இதுக்கு ரெண்டு பதில் இருக்கு. மொத்தக் கதையும் இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் இருக்கு.

தேர்தல் துறையில் போய்க் கேட்டீங்கன்னா, "அப்படி ஒண்ணு இல்ல"ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. அது பேஜ் ஃபால்ட். ஆனா யாரையும் கேட்காம, "ஏனாம்தானே கடைசி, அதைத் தாண்டி அடுத்த ஊர்தான் 31"ன்னு நீங்களே நடந்து போனா? அங்கயும் ஊர் இருக்கும், வீடு இருக்கும், கதவைத் தட்டினா ஆள்கூட வருவாங்க. ஆனா அது ஆந்திரா. உங்க கடிதத்துக்கும் அந்த ஆளுக்கும் சம்பந்தமே இல்ல. அவர் ஏதோ ஒரு விலாசம் சொல்லி, அதை நம்பி நீங்க அடுத்து கிளம்பினா எங்க போய் நிற்பீங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது.

சி மொழியில் 20 இடம் உள்ள அர்ரேயில் 21-வதைப் படிச்சா நடக்கிறது இந்த ரெண்டாவது வகை. அர்ரேக்கு அடுத்து இருக்கிற பைட்டுகளும் பெரும்பாலும் அதே பேஜிலயே இருக்கும். டேபிளில் வரி இருக்கு, அனுமதியும் இருக்கு. எம்எம்யு ஒண்ணும் சொல்லாது. குப்பை வரும், அதை மதிப்புன்னு நினைச்சு புரோகிராம் மேல போகும். எம்எம்யுவுக்குத் தெரிஞ்சது பேஜ் எல்லை மட்டும்தான். உங்க அர்ரே எல்லை அதுக்குத் தெரியாது.

ஏன் எல்லாமே நிக்குது?

நீங்க லேபில் எழுதின சி புரோகிராம் தப்பான முகவரியைத் தொட்டா "செக்மெண்டேஷன் ஃபால்ட்"னு ஒரு வரி வரும். புரோகிராம் சாகும். பின்னாடி பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும். காரணம், அந்தப் புரோகிராமுக்கு மேல கர்னல் இருக்கு. ஃபால்ட் வந்ததும் கர்னல் பார்க்கும்: இந்த முகவரி இவனுக்குச் சொந்தமில்ல, ஆளை முடி.

அதே தப்பை கர்னலே செஞ்சா? மேல யாரும் இல்ல. ஃபால்ட் வந்ததும் கூப்பிடப்படுறதும் கர்னல்தான், தப்பு செஞ்சதும் கர்னல்தான். இந்த இடத்தில் விண்டோஸ் எடுக்கிற முடிவு, உடனே நின்னுடுறது. நீலத்திரையை நாம வியாதி மாதிரி திட்டுறோம். என் பார்வையில் அது ஃபியூஸ். கர்னலுக்குள்ள ஒரு பாயிண்டர் கெட்டுப்போச்சுன்னா, வேற எது எது கெட்டுப்போயிருக்குன்னு தெரியாது. அந்த நிலைமையில் தொடர்ந்து ஓடவிட்டு, டிஸ்க்கில் எழுதவும் விட்டா ஃபைல் சிஸ்டமே நாசமாகலாம். லினக்ஸ் கொஞ்சம் தைரியசாலி. ஊப்ஸ்னு ஒரு அறிக்கையை லாகில் எழுதிட்டு, அந்த வேலையை மட்டும் கொன்னுட்டு ஓடப் பார்க்கும். இன்டரப்ட் நடுவுல மாட்டினா அதுவும் பேனிக் ஆகி நின்னுடும். பல சர்வர் நிர்வாகிகள் ஊப்ஸ் வந்தாலே பேனிக் ஆகிடுன்னு வேணும்னே செட்டிங் போட்டு வெப்பாங்க.

டிரைவர்கள் கர்னலுக்குள்ள, கர்னலோட அதே அதிகாரத்தில் ஓடுது. கிரவுட்ஸ்ட்ரைக்கோட ஃபால்கன் என்கிற சென்சாரும் அப்படித்தான், அதோட டிரைவர் பேர் சிஎஸ்ஏஜென்ட். வைரஸ் வர்றதுக்கு முன்னாடியே எழுந்து காவலுக்கு நிற்கணும்னு, மெஷின் பூட் ஆகும்போது ரொம்ப சீக்கிரமே ஏறிக்கும். இதை மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

20-ம் 21-ம்

புதுசு புதுசா தாக்குதல்கள் வர்றப்ப ஒவ்வொரு முறையும் டிரைவரையே மாத்தி, மைக்ரோசாஃப்ட்கிட்ட சோதனைக்குக் கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்ப நேரமாகும். அதனால ஃபால்கன்ல ஒரு ஏற்பாடு. டிரைவருக்குள்ள ஒரு இன்டர்பிரெட்டர் இருக்கு. எதைத் தேடணும் என்கிற விதிகள் மட்டும் சேனல் ஃபைல்கள்னு தனியா வரும். அந்த ஃபைல்களின் பேரும் டிரைவர் மாதிரியே சிஸ்னு முடியும். ஆனா அது டிரைவர் கிடையாது, வெறும் டேட்டா. டேட்டா என்கிறதால டிரைவருக்கு இருக்கிற சோதனை அதுக்கு இல்ல. நிறுவனத்தோட சொந்த வேலிடேட்டர் பார்த்துச் சரின்னு சொன்னா போதும்.

2024 பிப்ரவரியில் வந்த 7.11 பதிப்பில் ஒரு புதிய விதி வகையைச் சேர்த்தாங்க. விண்டோஸ்ல புரோகிராம்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற நேம்டு பைப் என்கிற வழியைக் கண்காணிக்கிறதுக்கான வகை அது. அந்த வகையின் வரையறையில் 21 உள்ளீடுகள்னு இருந்தது. ஆனா இன்டர்பிரெட்டரைக் கூப்பிடுற கோடு கொடுத்தது 20 மட்டும். இது ஏன் மாசக்கணக்கா வெளியே தெரியலைன்னா, மார்ச், ஏப்ரல்ல அனுப்பின விதிகள் எல்லாத்திலயும் 21-வது இடத்தில் வைல்டுகார்டு, அதாவது "எது இருந்தாலும் சரி". எது இருந்தாலும் சரின்னா யாரும் அதைத் திறந்து பார்க்க மாட்டாங்க. ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டும் பாஸ் ஆச்சு. ஜூலை 19 அன்னிக்கு அனுப்பின சேனல் ஃபைல் 291-ல தான் முதல் முறையா 21-வதை நிஜமாவே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு விதி வந்தது. வேலிடேட்டர், 21 கிடைக்கும் என்கிற நினைப்பிலேயே எழுதப்பட்டது, அதுவும் சரின்னுடுச்சு.

31-வது தொகுதிக்குக் கடிதம் கிளம்பிடுச்சு.

கடைசி ரெண்டு வரி

ஒரு கர்னல் விழுந்தா முதல்ல தேட வேண்டியது மூணு விஷயம். எந்த முகவரியைத் தொட்டப்ப விழுந்தது, தொட்ட கட்டளை எது, அது படிக்கவா எழுதவா. விண்டோஸ் விழும்போது ஒரு டம்ப் ஃபைலில் இதையெல்லாம் எழுதி வைக்கும். இந்த விபத்தோட டம்ப் ஒண்ணை மைக்ரோசாஃப்டே பிரிச்சுக் காட்டியிருக்கு. நிறுத்தக் குறியீடு ஹெக்ஸில் 50, பேர் "பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா". செயல் படிக்கிறது. டிரைவர் சிஎஸ்ஏஜென்ட். கட்டளை, ஆர்8 என்கிற ரெஜிஸ்டரில் இருக்கிற முகவரிக்குப் போய் நாலு பைட் எடுத்துட்டு வா. ஆர்8-ல இருந்த முகவரி, ஹெக்ஸில் நாலு எஃப், அப்புறம் 8405, அப்புறம் 00000074.

இதைப் படிச்சுப் பழகலாம். முன்னாடி நாலு எஃப் இருந்தா அது முகவரி வெளியின் மேல் பாதி, கர்னலோட பகுதி. கடைசி மூணு ஹெக்ஸ் இலக்கம் 074, அதாவது பேஜுக்குள்ள 116-வது பைட். அந்தப் பேஜுக்கு டேபிளில் செல்லுபடியான வரி இல்ல. டீபக்கரில் அந்த இடத்தைக் காட்டச் சொன்னா வரிசையா கேள்விக்குறிகள்தான் வந்தது.

ரொம்ப முக்கியமான வரி அதுக்கு மேல இருக்கு. படிக்கிறதுக்கு முன்னாடி அந்த டிரைவர் ஆர்8 பூஜ்யமான்னு சரிபார்த்திருக்கு! நமக்கு லேபில் சொல்லிக் கொடுக்கிற அதே நல்ல பழக்கம். பாயிண்டர் நல் இல்லைன்னா மட்டும் உள்ள போ. ஆர்8 நல் இல்ல, அதனால உள்ள போச்சு. ஒரு முகவரி பூஜ்யம் இல்லைன்னா அது செல்லும்னு அர்த்தமா? தபால் கவரில் விலாசம்னு ஏதோ எழுதியிருக்குன்னு தெரிஞ்சா போதுமா, அந்த வீடு இருக்கணும் இல்லையா?

அந்தக் குப்பை ஆர்8-க்குள்ள எப்படி வந்தது? அதுக்கும் ஒரு கட்டளை மேல போகணும். உள்ளீடுகளின் அர்ரே, பாயிண்டர்களின் அர்ரே. ஒவ்வொண்ணும் 8 பைட், 20 பாயிண்டர், மொத்தம் 160 பைட். இன்டெக்ஸ் பூஜ்யத்தில் ஆரம்பிக்கிறதால 21-வதுக்கு இன்டெக்ஸ் 20. அர்ரேயின் தொடக்கத்தில் இருந்து 160 பைட் தள்ளிப் போய் 8 பைட் எடுத்து ஆர்8-ல போட்டுது. இது எல்லை மீறிய படிப்பு, ஆனா இந்த இடத்தில் கிராஷ் ஆகல. அந்த இடத்தில் மெமரி இருந்தது, ஏதோ வேற டேட்டா இருந்தது. ஏனாமைத் தாண்டி ஒரு வீட்டுக் கதவைத் தட்டி விலாசம் வாங்கின மாதிரி. அந்த விலாசத்தை நம்பி அடுத்த படியில் போனப்பதான் பேஜ் இல்லைன்னு எம்எம்யு மறிச்சுது. தப்பு ஒரு வரியில், விழுந்தது வேற வரியில். டீபக் பண்றவங்களை ராத்திரி பூரா உட்கார வைக்கிறது இந்த இடைவெளிதான். இங்க அது மூணு நாலு கட்டளை தூரம்தான். சில கேஸ்ல அது நாள்கணக்கா இருக்கும்.

அன்னிக்கு இணையத்தில் பரவின இன்னொரு டம்ப்பில் ஆர்8-ல இருந்தது ஹெக்ஸில் 9சி, அதாவது 156. அதைப் பார்த்ததும் பல பேர் "நல் பாயிண்டர் தப்புப்பா, இதுகூட தெரியாம எழுதிட்டாங்க"ன்னு முடிவு கட்டிட்டாங்க. அப்படி நினைக்கக் காரணம் உண்டு. நல் பாயிண்டர் வழியா ஒரு ஸ்ட்ரக்சரின் உள் உறுப்பைத் தொட்டா, முகவரி பூஜ்யம் கூட்டல் அந்த உறுப்பின் தூரம், அதாவது 4096-க்குள்ள ஒரு சின்ன எண்ணா வரும். பொதுவா இது நல்ல ஊகம். ஆனா இந்தக் கேஸ்ல அது வெறும் குப்பை. ஒரு மெஷினில் குப்பை சின்ன எண்ணா இருந்தது, இன்னொண்ணில் பெரிய எண்ணா இருந்தது. ஒரே ஒரு டம்ப்பைப் பார்த்துத் தீர்ப்பு எழுதக்கூடாதுன்னு இதுல இருந்து எடுத்துக்கலாம். ரெண்டு டம்ப்பிலும் கட்டளை ஒண்ணுதான், முகவரி வேற வேற. அந்த ஒப்பீடே "இது எல்லை மீறல்"னு கைகாட்டுது.

சரி பண்ணது எப்படி

கோடில் சரி பண்ண வேண்டியது என்னமோ சின்னதுதான். அர்ரேயைத் தொடுறதுக்கு முன்னாடி இன்டெக்ஸ் எண்ணிக்கைக்குள்ள இருக்கான்னு ஒரு நிபந்தனை. ஜூலை 25-ல அந்த எல்லைச் சோதனையை இன்டர்பிரெட்டரில் சேர்த்தாங்க. வரையறையில் இருக்கிற எண்ணிக்கையும் கோடு கொடுக்கிற எண்ணிக்கையும் ஒண்ணா இருக்கான்னு, கம்பைல் பண்ணும்போதே பார்க்கிற சோதனை ஜூலை 27-ல வந்தது. ஆகஸ்ட் 6-ல முழுக் காரண அறிக்கையை வெளியிட்டாங்க. நான் இங்க சொன்ன 20, 21 கணக்கெல்லாம் அதுல இருக்கு. படிக்கிறதுக்கு ஓஎஸ் பாடப் புத்தகத்தைவிட சுவாரஸ்யமா இருக்கும். வேலிடேட்டரைத் திருத்துறது, இனிமே எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாம சிலருக்கு அனுப்பிப் பார்த்துட்டு மத்தவங்களுக்கு அனுப்புறதுன்னு மிச்சமும் அதுலயே இருக்கு. கடைசியா சொன்னதை முதல்லயே செஞ்சிருந்தா கணக்கு 85 லட்சத்துக்குப் பக்கத்தில்கூட போயிருக்காது.

கஷ்டம் இருந்தது, ஏற்கனவே விழுந்த மெஷின்களை எழுப்புறதில. ஃபைலை 10:57-க்கே திரும்ப எடுத்தாச்சே, ரீபூட் பண்ணா புதுசு இறங்கிடாதா? டிரைவர் பூட்டின் ஆரம்பத்திலேயே ஏறிடும்னு சொன்னேன் இல்லையா. ஏறுது, டிஸ்க்கில் இருக்கிற பழைய 291-ஐப் படிக்குது, விழுது. ரீபூட். திரும்பவும் அதே. நெட் இணைப்பு வந்து புது ஃபைல் இறங்க நேரமே கிடைக்கல. சில மெஷின்களில் அந்தப் பந்தயத்தில் நெட் முந்திக்கிட்டது. அஜூர் கிளவுடில் இருந்த மெஷின்களை 15 முறை வரைகூட ரீபூட் பண்ணிப் பாருங்கன்னு மைக்ரோசாஃப்ட் சொன்னது இதனாலதான். கேட்க ஜோசியம் மாதிரி இருக்கும், ஆனா காரணம் உண்டு.

மத்த மெஷினுக்கெல்லாம் ஆள்தான் போகணும். சேஃப் மோடில் ஏத்தி, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள சிஸ்டம்32, அதுக்குள்ள டிரைவர்ஸ், அதுக்குள்ள கிரவுட்ஸ்ட்ரைக். அங்க சி-00000291-னு ஆரம்பிக்கிற ஃபைலை அழிச்சுட்டு, ரீபூட். ஒரு மெஷினுக்குச் சில நிமிஷம்தான். பத்தாயிரம் மெஷினுக்கு? டிஸ்க்கை பிட்லாக்கர் வெச்சுப் பூட்டியிருந்தா, முதல்ல 48 இலக்க மீட்புச் சாவி வேணும். அந்தச் சாவிகளை வெச்சிருந்த சர்வரே சில இடத்தில் நீலத்திரையோட நின்னுது. பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டு, ஆம்புலன்ஸை உள்ள விடாத கதை. ரெண்டு நாளுக்குள்ள யுஎஸ்பியில் போட்டு இதைத் தானா செய்ற ஒரு டூலை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. ஜூலை 25-க்குள்ள 97 சதவீதத்துக்கு மேல மீண்டு வந்துடுச்சுன்னு கிரவுட்ஸ்ட்ரைக் சொன்னது. அமெரிக்காவில் டெல்டா ஏர்லைன்ஸ், பேரைக் கேட்டு நம்ம டெல்டான்னு நினைச்சுடாதீங்க, அஞ்சு நாளில் சுமார் 7,000 விமானங்களை ரத்து பண்ணியது.

இந்தியாவில் அடி கம்மிதான். அரசின் என்ஐசி நெட்வொர்க் பாதிக்கப்படலைன்னு அமைச்சர் சொன்னார். பத்து வங்கிகள், நிதி நிறுவனங்களில் மட்டும் சின்னத் தடங்கல்னு ரிசர்வ் வங்கி சொன்னது. விமான நிலையங்கள் மறுநாள் விடியக்காலை 3 மணி வாக்கில் இருந்து வழக்கத்துக்குத் திரும்ப ஆரம்பிச்சுது.

"ரஸ்ட் மொழியில எழுதியிருந்தா இது நடந்தே இருக்காது"ன்னு சொல்ற நண்பர்கள் நம்ம வகுப்பிலயும் உண்டு. பாதி உண்மை. ரஸ்ட்டில் 20 இடத்தில் 21-வதைக் கேட்டா குப்பை வராது, அந்த இடத்திலேயே பேனிக் ஆகும். ஆனா லினக்ஸ் கர்னலுக்குள்ள ரஸ்ட் பேனிக் ஆனா, அதுவும் கர்னல் தப்பாத்தான் முடியும். "இருந்தா கொடு, இல்லைன்னா இல்லைன்னு சொல்லு"ங்கிற மாதிரி எழுதினாத்தான் மெஷின் தப்பிக்கும். லாபம் என்னன்னா, தப்பும் விழுறதும் ஒரே வரியில இருக்கும். தேடுற வேலை மிச்சம். லினக்ஸில் இருக்கிற இபிபிஎஃப் வேற வழியில் போகுது. வெளியில் இருந்து வர்ற சின்ன புரோகிராமை கர்னலுக்குள்ள விடுறதுக்கு முன்னாடியே ஒரு வெரிஃபையர் ஒவ்வொரு மெமரி அணுகலும் எல்லைக்குள்ள இருக்கான்னு பார்க்கும். நிரூபிக்க முடியலைன்னா உள்ளயே விடாது. எனக்கு இந்த அணுகுமுறைதான் பிடிச்சிருக்கு, வெரிஃபையரிலேயே பக் வந்த வரலாறு இருந்தாலும். மைக்ரோசாஃப்டும் இப்ப பாதுகாப்பு மென்பொருள்களைக் கர்னலுக்கு வெளியே கொண்டுபோற வேலையில் இறங்கியிருக்கு.

லேபில் நீங்களே விழ வெச்சுப் பாருங்க

சொந்த லேப்டாப் கர்னலை உடைக்க வேண்டாம். எம்ஐடியோட எக்ஸ்வி6, ரிஸ்க்-ஃபைவ் பதிப்பு, க்யுஎம்யுவில் ஓடும். ரிஸ்க்-ஃபைவ் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம்னு நினைக்க வேண்டாம், சென்னை ஐஐடியின் சக்தி புராசசர்கள் அதே வகைதான். எக்ஸ்வி6-ல முகவரி 39 பிட், டேபிள் மூணு படி. ஒன்பதை மூணால பெருக்கி 12 கூட்டினா சரியா வரும்.

ஒரு சிஸ்டம் காலுக்குள்ள 20 பாயிண்டர் உள்ள ஒரு அர்ரேயை வெச்சு, 21-வதை எடுத்து, அது காட்டுற இடத்தைப் படிக்கச் சொல்லுங்க. கம்பைலர் எச்சரிச்சு அடம் பிடிச்சா, இன்டெக்ஸை யூசர் பக்கத்தில் இருந்து ஆர்க்யுமெண்டா அனுப்புங்க. கிரவுட்ஸ்ட்ரைக்கிலும் அது வெளியில் இருந்து வந்த டேட்டாதானே. சில நேரம் ஒண்ணுமே ஆகாது. குப்பை தற்செயலா ஒரு செல்லுபடியான முகவரியா இருந்துட்டா அப்படித்தான். அந்த நிலைமைதான் கிராஷைவிட ஆபத்து, ஏன்னா வெளியே தெரியாது. இன்டெக்ஸை மாத்தி மாத்திப் பாருங்க. விழும்போது "கர்னல்டிராப்"னு பேனிக் வரும், கூடவே மூணு எண். எஸ்காஸ் 13-ன்னு இருந்தா படிக்கும்போது வந்த பேஜ் ஃபால்ட், 15 இருந்தா எழுதும்போது. எஸ்டிவேல், தொட்ட முகவரி. எஸ்இபிசி, தொட்ட கட்டளை இருக்கிற இடம். நான் மேல சொன்ன அதே மூணு கேள்விக்கான பதில்கள்.

எஸ்டிவேல் எண்ணைப் பார்த்ததும் சில ஊகங்கள் தானா வரணும். 4096-க்குள்ள இருந்தா நல் பாயிண்டர் சந்தேகம், ஆனா 9சி கதையை ஞாபகம் வெச்சுக்கங்க. எக்ஸ்வி6-ல 01 01 01-னு திரும்பத் திரும்ப வந்தா, ஃப்ரீ பண்ண பேஜைத் திரும்பத் தொட்டிருக்கீங்க. ஃப்ரீ பண்ற ஃபங்ஷன் பேஜ் முழுக்க வேணும்னே 1 நிரப்பும், இந்த மாதிரி தப்பைக் காட்டிக் கொடுக்கத்தான். லினக்ஸிலும் ஸ்லாப் டீபக்கிங்கைப் போட்டு வெச்சா 6பி 6பி-ன்னு நிரப்பும், அதே காரணம். 41 41 41-னு வந்தா யாரோ கேப்பிட்டல் ஏ எழுத்தை பஃபர் நிரம்பி வழியுற வரைக்கும் அடிச்சிருக்காங்க. ஹாஸ்டலில் யாருன்னு விசாரிச்சுக்கங்க.

எஸ்இபிசி எண்ணை எடுத்து, கர்னல் பில்ட் ஆகும்போது கூடவே உருவாகிற அசெம்பிளி பட்டியல் ஃபைலில் தேடினா எந்த ஃபங்ஷன்னு தெரியும். ஆடர்2லைன் டூலிடம் கொடுத்தா ஃபைல் பேரும் வரி எண்ணும் சொல்லிடும். ஆனா அங்கயே நின்னுடாதீங்க. பட்டியலில் அந்தக் கட்டளைக்கு மேல கண்ணை ஓட்டி, அந்த ரெஜிஸ்டருக்குள்ள மதிப்பை ஏத்தின கட்டளை எதுன்னு பாருங்க. அர்ரேயின் தொடக்கம் கூட்டல் இன்டெக்ஸ் பெருக்கல் 8. எல்லைச் சோதனையை அந்த வரிக்கு மேல போடுங்க, தவறினா மைனஸ் 1 திருப்பி அனுப்புங்க. திரும்ப ஓட்டினா உங்க யூசர் புரோகிராமுக்கு மைனஸ் 1 கிடைக்கும், ஷெல் அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும்.